கடிந்துகொள்ளத் தெரியாத உறுமல்

2011இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் எம்5 செடானின் ஐந்தாம் தலைமுறையை வெளியிட்டபோது, பொறியியல் கணக்குப்படி எல்லாமே முன்னேற்றமாகத்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய எம்5இல் ஐந்து லிட்டர் வி10 இன்ஜின் இருந்தது. 500 குதிரைத்திறனைச் சற்றே தாண்டும். நிமிடத்துக்கு 8000 சுற்றுக்கு மேலும் அலறிக்கொண்டு ஏறும். புதியதில் 4.4 லிட்டர் வி8, இரண்டு டர்போ, 560 குதிரைத்திறன். பெட்ரோலும் குறைவாகவே குடித்தது. ஆனால் ஓட்டுபவரின் காதுக்கு மட்டும் நஷ்டம். டர்போ என்பது இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் பாதையில் உட்கார்ந்து, அந்தப் புகையின் விசையிலேயே சுழலும் சக்கரம். ஒவ்வொரு வெடிப்பின் துடிப்பிலிருந்தும் அது ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் ஓசை மழுங்கிவிடும். சொகுசு காருக்கே உரிய தடித்த கண்ணாடியும், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே திணித்த ஒலித்தடுப்புப் பொருள்களும் மிச்சத்தை விழுங்கின. நிறுவனம் கண்ட வழி இது: இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது, எவ்வளவு இழுவை தருகிறது, கார் என்ன வேகத்தில் போகிறது என்ற தகவல்களைக் கணினி வாங்கி, அதற்கேற்ற இன்ஜின் ஓசையைப் பாட்டுப் பெட்டியின் ஸ்பீக்கர் வழியாகக் கேபினுக்குள் ஒலிக்கச் செய்யும். இதற்கு ஆக்டிவ் சவுண்ட் டிசைன் என்று பெயர்.

இது அந்த ஒரு காரோடு நிற்கவில்லை. ஃபோக்ஸ்வேகன் சில கார்களில் முன்கண்ணாடிக்குக் கீழே ஓர் அதிர்வுக் கருவியைப் பொருத்தி உறுமலைக் கூட்டியது. 2015 மாடலாக வந்த ஃபோர்டு மஸ்டாங்கின் நான்கு சிலிண்டர் வகையிலும் ஸ்பீக்கர் இன்ஜினுக்குத் துணைபாடியது. கார்ப் பிரியர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார் இதை மோசடி என்றார்கள். மறு சாரார், நன்றாக இருந்தால் சரி, எங்கிருந்து வந்தால் என்ன என்றார்கள். பணக்காரர்களின் பொம்மையைப் பற்றிய சில்லறைச் சண்டையாக இதைத் தள்ளிவிடலாம். ஆனால் இதற்குள் இருப்பது மெய்யியலின் மிகப் பழைய கேள்வி: ஓர் அடையாளம் எப்போது உண்மையானது? நமக்கு இன்பம் தரும் ஓர் உணர்வு, அதைத் தோற்றுவிக்க வேண்டிய காரணத்திலிருந்து கழன்றுவிட்டால், அதை உணர்வு என்று ஏற்பதா, ஏமாற்று என்று தள்ளுவதா? இரு சாராரின் பதிலும் தவறு என்றும், உண்மையின் அளவுகோலை இருவருமே தவறான இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்றும் இங்கே வாதிட விரும்புகிறேன்.

மோசடி என்பவர்களின் வாதம் இயற்கை, செயற்கை என்ற பிரிவின் மேல் நிற்கிறது. உலோகத்திலிருந்து பிறந்த ஓசை மெய், மின்சாரத்திலிருந்து பிறந்தது பொய். கேட்க எளிமையாக இருந்தாலும் இது நிற்காது. காரின் ஓசையில் இயற்கை என்று எதுவும் என்றைக்கும் இருந்ததில்லை. சைலன்சருக்குள் எத்தனை அறைகள், குழாயின் நீளம் எவ்வளவு, காற்று உள்ளே நுழையும் வாய் எத்தனை அகலம் என்று ஒவ்வொன்றையும் காதை வைத்துத் தீர்மானிப்பதற்கென்றே பொறியாளர்கள் இருக்கிறார்கள். 2010 முதல் 2012 வரை 500 மட்டுமே செய்யப்பட்ட லெக்ஸஸ் எல்எஃப்ஏ காரின் வி10 இன்ஜினை யமஹாவோடு சேர்ந்து உருவாக்கினார்கள். வாத்தியங்கள் செய்யும் அந்த நிறுவனத்தின் ஒலியறிவு, இன்ஜின் மூச்சிழுக்கும் ஓசையைச் செதுக்கிக் கேபினுக்குள் அனுப்பப் பயன்பட்டது. அந்த ஓசையைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. நவீன காலத்தின் மிகச் சிறந்த இன்ஜின் குரல் என்றே கொண்டாடுகிறார்கள். அப்படியானால் மனிதக் கை பட்டது என்பது குற்றமாக முடியாது. குழாயால் செதுக்கினால் மெய், கம்பியால் செதுக்கினால் பொய் என்பது வெறும் பொருள்பற்று, தத்துவம் ஆகாது.

எதிர்த் தரப்பு இங்கேதான் பாய்ந்து வரும். எல்லாமே செதுக்கப்பட்டதுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், பிறகு இன்பத்தைத் தவிர வேறு அளவுகோல் ஏது என்று கேட்கும். ஒரு சின்னச் சோதனை இதற்குப் போதும். அதே எம்5, வீட்டு வாசலில் இன்ஜின் அணைந்து நிற்கிறது. அதே ஸ்பீக்கரில், அதே உறுமலை, அதே அளவில் ஒலிக்கவிடுகிறோம். யாராவது உட்கார்ந்து ரசிப்பார்களா? இரண்டு நிமிடத்தில் சலித்துவிடும். ஓசையின் அலைகளில் ஒன்றும் மாறவில்லை. மாறியது ஒரு நம்பிக்கைதான். என் கால் அழுத்தியது, இயந்திரம் உழைத்தது, அந்த உழைப்பு இதோ கேட்கிறது என்ற நம்பிக்கை. ஆகவே இந்த இன்பம் காதில் மட்டும் பிறப்பதில்லை; செயலுக்கும் விளைவுக்கும் இடையே கட்டு இருக்கிறது என்ற எண்ணத்தில் பிறக்கிறது. உண்மை என்பது இந்த இன்பத்தின் உள்ளடக்கத்திலேயே சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்துவிட்டு இன்பத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்பவர், தான் எதை ரசிக்கிறோம் என்பதையே கவனிக்காதவர்.

அந்தக் கட்டை எப்படிச் சோதிப்பது? இந்தியத் தருக்க மரபு இதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம் மலைமேல் தெரியும் புகை. புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று கொள்கிறோம். மணிமேகலையில் அறவண அடிகள் அளவைகளை விளக்கும் இடத்திலும் இதே புகையும் நெருப்பும் வருகின்றன. புகை அழகாக இருப்பதாலோ இயற்கையாக எழுவதாலோ அதை நம்பிவிடுவதில்லை. நெருப்பு இல்லாத இடத்தில் புகை இராது என்ற பிரியாத தொடர்பு இருப்பதால்தான் நம்புகிறோம். தூரத்தில் பனிமூட்டத்தைப் புகையென்று எண்ணினால் அனுமானம் பொய்த்துப்போகும். இன்ஜினின் பழைய ஓசைக்கு இப்படிப்பட்ட கறாரான தொடர்பு உண்டு. நான்கு வீச்சு இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். எனவே நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் நொடிக்கு 200 முறை வெடிக்கும். எட்டு சிலிண்டர் 400 முறை. பத்து சிலிண்டர் 8000 சுற்றில் ஏறத்தாழ 667 முறை. அந்த எண்ணிக்கைதான் நம் காதில் சுருதியாகக் கேட்கிறது. சுருதி ஏறினால் இன்ஜின் வேகம் ஏறிவிட்டது என்று பொருள். வேறு பொருள் கொள்ள வழியில்லை. பழக்கப்பட்ட ஓட்டுநர் மீட்டரைப் பார்க்காமலே கியர் மாற்றுவது இந்தக் கணக்கைக் காதால் படிப்பதால்தான்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் வேறொன்று தெரியும். மேட்டில் ஏறும்போது கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மிதித்தால், சிலிண்டருக்குள் எரிபொருள் முறைப்படி பரவி எரிவதற்குள் ஒரு மூலையில் தானாக வெடித்துவிடும். அப்போது சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற உலோகச் சத்தம் எழும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். தொடர்ந்தால் பிஸ்டனே பழுதாகும். அந்தத் தட்டல், ஓட்டுகிறவரிடம் நீ செய்வது தவறு என்று நேராகச் சொல்கிறது. ஸ்டீயரிங்கும் இதேபோல் பேசும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் தன்னை நேராக்கிக்கொள்ள முயலும். அந்த எதிர்ப்புதான் கையில் கனமாகத் தெரிவது. டயர் தன் பிடியின் எல்லையை நெருங்கும்போது, பிடி முழுவதும் போவதற்குச் சற்று முன்னதாகவே இந்த எதிர்ப்பு தளர ஆரம்பித்துவிடும். கையில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகும். இன்னும் ஒரு நொடி இப்படியே போனால் கார் உன் பேச்சைக் கேட்காது என்பது அந்த லேசின் பொருள். ஓட்டும் உணர்வு என்று கார் எழுத்தாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதெல்லாம் கடைசியில் இங்கே வந்து நிற்கிறது: உலகம் ஓட்டுபவரிடம் மறுப்பு சொல்லும் வழி.

என் அளவுகோலும் இங்கிருந்துதான் கிடைக்கிறது. ஓர் அடையாளம் உண்மையானதா என்று அறிய, அது எங்கே பிறந்தது என்று கேட்பதைவிட, எனக்குப் பிடிக்காத செய்தியைக் கொண்டுவரும் திறன் அதற்கு உண்டா என்று கேட்பது பயன் தரும். வள்ளுவர் பெரியாரைத் துணைகொள்வதைப் பற்றிச் சொல்லும்போது, குற்றம் கண்டு கடிந்துரைக்கும் ஆள் பக்கத்தில் இல்லாத அரசனை அழிக்கப் பகைவரே தேவையில்லை என்கிறார். அந்தத் துணைவரின் மதிப்பு அவர் பேச்சின் இனிமையில் இல்லை. வேண்டும்போது கசக்கவும் கூடும் என்பதில் இருக்கிறது. கசக்கவே முடியாத நாக்கு இனிக்கும்போதும் அதில் செய்தி ஏதும் இல்லை. எந்த நிலையிலும் அது இனிக்கத்தான் போகிறது. உறுமல் பாராட்டாகக் கேட்க வேண்டுமென்றால், அதே தொண்டையிலிருந்து கண்டனமும் வரக்கூடியதாக இருக்க வேண்டும்.

இதைக் கொண்டு எம்5இன் ஸ்பீக்கரை அளந்தால், தீர்ப்பு இரு தரப்பும் எதிர்பார்க்காத விதமாக வருகிறது. அந்த ஓசை முழுப் பொய் கிடையாது. சுற்றின் எண்ணிக்கையையும் இழுவையையும் அது பின்தொடர்கிறது. இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது வேகமாகச் சுழல்வதாக அது நடிப்பதில்லை. அந்த மட்டில் அது நேர்மையான தூதன்தான். ஆனால் அது பின்தொடரும் விஷயங்கள் கணினிக்குச் சொல்லித்தரப்பட்ட ஒருசில. தேய்ந்த பேரிங்கின் முனகலையோ ஒரு சிலிண்டர் தவறவிட்ட வெடிப்பையோ ஸ்பீக்கர் ஒலிக்காது; அதன் குரலில் இன்ஜின் என்றும் புதிது, என்றும் ஆரோக்கியம். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இன்ஜினின் துடிப்பை நிதானத்திலிருந்து உச்சத்துக்கு மாற்றப் பொத்தான் இருக்கிறது. ஓட்டுபவர் தேர்ந்தெடுக்கும் நிலைக்கேற்ப ஓசையின் குணமும் மாறுகிறது. ஓட்டுபவர் எப்படிக் கேட்க விரும்புகிறார் என்பது, அவர் கேட்கும் சாட்சியத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. நீதிபதியின் முகத்தைப் பார்த்து வாக்குமூலத்தின் தொனியை மாற்றும் சாட்சி சொல்வது தற்செயலாக உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் குற்றம் ஸ்பீக்கரில் தொடங்கியதாகச் சொல்வது நியாயமாகாது. அது அமைதியில் தொடங்கியது. சொகுசு கார்களின் வரலாறு சத்தத்தை விரட்டிய வரலாறு. 1950களின் இறுதியில் டேவிட் ஓகில்வி எழுதிய ரோல்ஸ்ராய்ஸ் விளம்பரம், வேகமாக ஓடும்போதும் காருக்குள் கேட்கும் பெரிய சத்தம் மின்கடிகாரத்தினுடையது என்ற பொருளில் பெருமைப்பட்டது. 1989இல் வந்த லெக்ஸஸ் எல்எஸ்400இன் விளம்பரத்தில் பானட்டின் மேல் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, இன்ஜினை முடுக்கி, ஒன்றும் சிந்தாததைக் காட்டினார்கள். இந்த அமைதி வசதியானது. ஆனால் அதுவும் ஒரு கூற்று. நீ போகும் வேகம் பெரிதில்லை என்கிறது. காருக்குள் சத்தம் குறையும்போது ஓட்டுபவர் தன் வேகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார் என்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஸ்போர்ட்ஸ் செடான் என்ற வகை இந்த முரணின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. முதலில் உலகத்தைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திப் பணம் வாங்குகிறது. பிறகு அந்த உலகத்தின் நகலொன்றை, உறுத்தும் பகுதிகளை நீக்கிவிட்டு, உள்ளே விற்று மறுபடியும் பணம் வாங்குகிறது. வாங்குபவரும் அப்பாவி இல்லை. ஆபத்தின் சுவை வேண்டும், ஆபத்து வேண்டாம். உழைப்பின் ஓசை வேண்டும், உழைப்பின் சூடும் நடுக்கமும் வேண்டாம் என்ற அவருடைய ஆசைக்குத்தான் பொறியாளர் விடை தேடியிருக்கிறார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அமைதி வேகத்தை மறைக்கிறது என்றால், ஸ்பீக்கர் அதைத் திரும்பச் சொல்கிறதே. அப்போது செயற்கை ஓசைதானே உண்மையின் பக்கம் நிற்கிறது? ஆம், நிற்கிறது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. என் அளவுகோல் இயற்கையைக் கும்பிடுவதில்லை. இதற்கு இன்னும் தெளிவான சான்று மின்சாரக் கார்களின் வெளிப்புற ஒலி. சத்தமின்றி வரும் கார் பார்வையற்றவருக்கும் கவனம் சிதறியவருக்கும் ஆபத்து என்பதால், ஐக்கிய நாடுகளின் 138ஆம் ஒழுங்குவிதி இவற்றுக்கு ஒலி எச்சரிக்கை அமைப்பை வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2021 ஜூலை முதல் புதிதாக விற்கும் எல்லா மின்சார, ஹைபிரிட் கார்களுக்கும் அது கட்டாயம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை கார் ஒலிக்க வேண்டும். வேகம் ஏற ஏறச் சுருதியும் ஏற வேண்டும். ஸ்பீக்கரில் பிறந்த அந்த ஓசைக்குப் பின்னால் எரியும் இன்ஜின் ஏதும் இல்லை. ஆனாலும் அது சொல்வது முழு உண்மை: இதோ ஒரு கார் வருகிறது, இந்த வேகத்தில் வருகிறது. வாய்மையை அளக்கத் தீங்கின்மையை முன்வைத்த வள்ளுவர், மாசில்லாத நன்மை தரும் பொய்க்கும் அங்கே இடம் கொடுத்தார். அவருடைய அந்தச் சலுகைகூட இதற்குத் தேவைப்படாது. வேகத்தோடு இறுகக் கட்டப்பட்டு, கேட்பவரின் விருப்பு வெறுப்பைப் பொருட்படுத்தாமல் ஒலிப்பதால் இது தன் தகுதியிலேயே மெய்யாகிவிடுகிறது.

அடுத்த மறுப்பு தொழில்நுட்பத்திலிருந்து வரும். நாக்கிங்கை இன்று ஓட்டுபவர் கேட்டுத் திருத்த வேண்டியதில்லை. இன்ஜினில் பொருத்திய சென்சார் அதை உணர்ந்து, தீப்பொறியின் நேரத்தைக் கணினி உடனே தள்ளிப்போட்டுவிடும். சறுக்கலையும் கணினியே பிரேக்கைத் தட்டிச் சமாளிக்கும். கடிந்துகொள்ளும் வேலை மனிதக் காதுக்கு இனி இல்லை எனும்போது, ஓசையிடம் உண்மையை எதிர்பார்ப்பானேன், அதை அலங்காரமாக விட்டுவிடலாமே என்பார்கள். அலங்காரமாக விடலாம், தடையில்லை. ஆனால் அலங்காரம் தன்னை அலங்காரம் என்றே சொல்லிக்கொள்ள வேண்டும். பிஎம்டபிள்யூ தன் மின்சாரக் கார்களுக்குத் திரைப்பட இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மரோடு சேர்ந்து ஒலிகளை அமைத்தது. ஐ4 செடானில் வேகத்தோடு எழும் அந்த ஒலி பிஸ்டனாக நடிப்பதில்லை, இசையாகவே வருகிறது. அதைக் கேட்பவர் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்கிறார். வி8இன் குரலைக் கடன் வாங்கும் ஸ்பீக்கரின் கதை வேறு. அதன் கவர்ச்சி முழுவதும், கேட்பவர் அதை இசையென்று எடுத்துக்கொள்ளாமல் இன்ஜினின் வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. சாட்சியின் மரியாதையும் வேண்டும், சாட்சியின் பொறுப்பு வேண்டாம் என்பதுதான் இங்கே கோணல்.

தெரிந்தே ரசிப்பவரை என்ன செய்வது? படம் பார்ப்பவருக்குத் திரையில் விழும் அடி பொய் என்று தெரியும், அதனால் ரசனை கெடுவதில்லை. ராபர்ட் நோசிக் 1974இல் வெளியான தன் நூலில் ஓர் அனுபவ எந்திரத்தைக் கற்பனை செய்தார். அதில் படுத்துக்கொண்டால் விரும்பிய எந்த அனுபவமும் கிடைக்கும். சாதித்ததாகத் தோன்றும், ஆனால் எதுவும் நடந்திருக்காது. வாழ்நாள் முழுவதும் அதில் இருக்கச் சம்மதிப்பீர்களா என்று கேட்டு, நமக்கு அனுபவம் மட்டும் போதாது, செய்யவும் வேண்டும் என்று காட்டினார். ஆனால் காரும் திரையரங்கும் ஒன்றாகாது. நோசிக்கின் எந்திரமும் காருக்கு முழுக்கப் பொருந்தாது. திரையரங்கில் பார்ப்பவர் நாற்காலியில் இருக்கிறார். அவருடைய கணிப்பு யாரையும் பாதிக்காது. கார் ஓட்டுபவர் இரண்டு டன் எடையை உண்மையான சாலையில் நகர்த்துகிறார். கேட்பதையும் உணர்வதையும் வைத்துத்தான் அடுத்த நொடியை முடிவு செய்கிறார். இது பொய் என்ற அறிவு அவருடைய தலையில் இருக்கலாம். வலது காலுக்கு அது எட்டுவதில்லை.

இந்த இடத்தில் ஹூண்டாயின் ஐயானிக் 5 என் என்ற மின்சாரக் காரைக் கவனிக்க வேண்டும். அது செடான் அல்ல; இருந்தாலும் வாதத்துக்கு அது தரும் வெளிச்சம் பெரிது. 2023இல் வந்த அந்தக் காரில் கியர்பாக்ஸே கிடையாது. விரும்பினால் எட்டு கியர் இருப்பதுபோல் அது நடிக்கும். இன்ஜின் ஓசை எழும். கியர் மாற்றும்போது மோட்டாரின் இழுவையை வெட்டி ஒரு குலுக்கல் தரும். சுற்றின் உச்ச எண்ணிக்கையை எட்டிய பிறகும் மேல்கியருக்கு மாற்றவில்லை என்றால், பழைய இன்ஜினைப் போலவே மேற்கொண்டு வேகமெடுக்க மறுக்கும். எல்லாம் கட்டுக்கதை. மேலோட்டமாகப் பார்த்தால் எம்5ஐவிடப் பெரிய பொய். ஆனால் இந்தக் கட்டுக்கதை தண்டிக்கிறது. தவறான நேரத்தில் கியர் மாற்றினால் கார் உண்மையிலேயே பின்தங்குகிறது. சதுரங்கத்தில் குதிரை ஏன் அப்படித் தாவ வேண்டும் என்பதற்கு இயற்கையில் காரணமில்லை; ஆனால் அந்த விதியை ஒப்புக்கொண்டு உட்கார்ந்தவருக்குத் தோல்வி தோல்விதான். தன்னை விளையாட்டு என்று அறிவித்துக்கொண்டு, விதிக்குக் கட்டுப்பட்டு, ஆடுபவரை மறுக்கவும் செய்கிற கற்பனையில் ஒரு நேர்மை இருக்கிறது. கடன் வாங்கிய குரலில் சதா வாழ்த்து மட்டும் பாடும் ஸ்பீக்கரிடம் அது இல்லை.

கடைசி மறுப்பு எல்லாவற்றிலும் ஆழமானது. நம் புலன்களே உலகத்தை அப்படியே தருவதில்லை. நொடிக்குச் சுமார் 20 முதல் 20,000 அதிர்வுகளுக்கு வெளியே உள்ளதைக் காது தள்ளிவிடுகிறது. மூளை மிச்சத்தையும் சலித்துத் தொகுத்துத்தான் தருகிறது. வடிகட்டப்படாத உணர்வே இல்லாதபோது, காரின் வடிகட்டியை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? இன்ஃபினிட்டி நிறுவனத்தின் க்யூ50 செடான் இந்தக் கேள்வியை 2013இலேயே கையில் கொடுத்தது. அதன் சில வகைகளில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே வழக்கமான நேரடி இணைப்பு வேலை செய்யாது. கையசைவைக் கணினி படித்து மோட்டாருக்குச் சொல்லும். இரும்புத் தண்டு, கோளாறு வந்தால் மட்டும் கிளட்ச் வழியாக இணைந்துகொள்ளும். கையில் தெரியும் கனத்தையும் சாலையின் உணர்வையும் இன்னொரு மோட்டார் தயாரித்துத் தருகிறது. தேவையற்ற அதிர்வை விலக்கித் தேவையான செய்தியை மட்டும் கைக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். வடிகட்டுவது குற்றமில்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நம் காதை வடித்தது யார்? ஏமாந்தவனை அழித்தும் எச்சரிக்கையானவனைக் காத்தும் வந்த உலகம் நெடுங்காலம் எடுத்து வடித்தது. பிழையாகக் கேட்டால் அங்கே விலை உண்டு. அதனால் க்யூ50இடம் கேட்க வேண்டியது உணர்வைத் தயாரித்தாயா என்று அல்ல. டயர் பிடி தளரும் அந்த நொடியில் என் கை லேசாகுமா என்பதுதான் கேள்வி. லேசாகும் என்றால், மோட்டார் பேசினாலும் அது சாலையின் பேச்சு. எல்லா நேரமும் ஒரே கம்பீரமான கனத்தையே தரும் என்றால், இரும்பால் ஆன தண்டே அதைச் செய்தாலும் அது பொய்.

இந்த அளவுகோல் கார்களோடு நிற்காது என்பதால்தான் இதை ஆன்மிகக் கேள்வி என்றும் சொல்கிறேன். உள்ளே எழும் இன்ப அனுபவத்தை அப்படியே மெய்யின் சான்றாக எடுத்துக்கொள்ளும் ஆசை பக்தருக்கும் உண்டு. அதைக் கண்டு அதிகம் பயந்தவர்கள் அனுபவத்தில் ஆழ்ந்தவர்களே. 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் சிலுவையின் யோவான், ஜெபத்தில் தோன்றும் காட்சிகளையும் கேட்கும் குரல்களையும் பற்றிக்கொள்ளாமல் கடந்துபோகச் சொன்னார். தியானத்தில் எழும் அற்புதத் தோற்றங்களை ஜென் ஆசிரியர்கள் மக்யோ என்று பெயரிட்டு ஒதுக்கினார்கள். இன்பத்தை அவர்கள் பகைத்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. நான் விரும்பியதையே திரும்ப எனக்குச் சொல்லும் குரல், என் விருப்பத்தைப் பற்றிய செய்தியே தவிர என்னைத் தாண்டிய எதைப் பற்றிய செய்தியும் அல்ல என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். காரணத்தோடு கட்டுண்ட அனுபவம் மனிதனைத் தன்னைவிட்டு வெளியே இழுக்கிறது. கட்டறுந்த அனுபவம் அவனை அவனுக்குள்ளேயே சுற்றவிடுகிறது. வேட்கை வளர்வதற்கு இரண்டாவதைப் போல் வசதியான இடம் கிடையாது. அங்கே அதை மறுத்துப் பேச ஒருவரும் இல்லை.

ஆகவே செயற்கை உறுமலைத் தடைசெய்யச் சொல்வதோ, பத்து சிலிண்டர் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதோ என் முடிவு அல்ல. மின்சார செடான்கள் பெருகப் பெருக, ஓசை என்பது ஒவ்வொரு காரிலும் ஒருவர் எடுக்க வேண்டிய முடிவாகிவிடும். அந்த முடிவைச் சரியாக எடுக்கவும் வழி இருக்கிறது. மோட்டாருக்கும் கியருக்கும் டயருக்கும் சொந்தக் குரல்கள் உண்டு. போர்ஷே தன் டைகான் செடானின் விளையாட்டு ஒலியைக் காரின் இயல்பான மின் இயக்க ஓசையிலிருந்தே வளர்த்ததாகச் சொல்கிறது. அது நல்ல திசை. அந்தக் குரல்களைப் பெருக்கட்டும், வேண்டுமானால் இனிமையாக்கவும் செய்யட்டும். ஆனால் பிடி தளர்ந்தால் அந்த ஓசையும் தளர வேண்டும். வேகம் மிஞ்சினால் அது காதை உறுத்த வேண்டும். எந்தப் பொத்தானாலும் அந்த உறுத்தலை அணைக்க முடியக்கூடாது. இன்பத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம், கண்டிக்கும் உரிமையை மட்டும் அதனிடமிருந்து பறிக்கக் கூடாது. தன்னைக் கடிந்துகொள்ள அனுமதிக்கப்பட்ட இயந்திரத்தை ஓட்டுபவர்தான் உண்மையில் ஓட்டுகிறார். மற்றவர், எவ்வளவு வேகமாகப் போனாலும், தன் ஆசையை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் பயணிதான்.